பச்சை ராமர்

எங்கள் சங்க மலருக்குப் படங்கள் திரட்டும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. நான் ஓவியன் அல்லன். இளமையில் கொஞ்சம் வரைந்தவன், அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை தெரிந்தவன், அவ்வளவே. அந்த அரைகுறை அறிவுதான் ஒரு நாள் என்னைத் தப்பாகப் பேச வைத்தது.

இடப்பள்ளியில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மலருக்கென்று வில்லேந்திய ராமர் படம் ஒன்றை வரைந்து கொண்டுவந்தாள். நல்ல பச்சை உடம்பு. காதுவரை நீண்ட கண்கள். தலை கொள்ளாத கிரீடம். பார்த்த மாத்திரத்தில், "என்ன பாப்பா, ராமர் பச்சையா இருக்காரு? நம்ம ஊர்ப் படத்துல நீலமாத்தானே இருப்பாரு? கதகளி வேஷம் மாதிரி இருக்கே!" என்றேன். கூட இருந்த நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். அவள், "சரி மாமா" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போனவள்தான். பிறகு படமும் வரவில்லை, அவளும் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஊரிலிருந்து வந்த மைத்துனரை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அழைத்துப் போனேன். 'டச்சு அரண்மனை' என்று பெயர். ஆனால் 1555 வாக்கில் அதைக் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததில் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. (பழுதுபார்த்தவன் பேர் வாங்கிக்கொண்டு போவது அச்சகத்திலும் நடக்கிற சங்கதிதான்.) அரசரின் பள்ளியறைச் சுவரெல்லாம் ராமாயணம். அங்கே ராமர் பச்சையாக நிற்கிறார். காதுவரை நீண்ட கண்களோடும் பெரிய கிரீடத்தோடும் நிற்கிறார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இதற்குமுன் எத்தனை முறை அங்கே போயிருப்பேன்!

கேரளச் சுவரோவியத்தில் சாத்துவிக குணம் உடையவர்களுக்குப் பச்சை நிறம். கதகளியில் 'பச்சை' வேஷம் என்பதும் இதே கணக்குத்தான். 1970-இல் குருவாயூர்க் கோயிலில் தீ விபத்து நேர்ந்து பழைய ஓவியங்கள் அழிந்தன. மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்றவர்கள் அவற்றை மறுபடி எழுதினார்கள். 1989-இல் தேவஸ்வம் அங்கே ஒரு சுவரோவியப் பள்ளியே தொடங்கியது. இன்று இந்த மரபு துணிக்கடை முதல் கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டது. இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் கண்ணால் பழகும் ராமர் இந்த ராமர்தான். நம் மனதில் இருப்பதோ காலண்டர் ராமர். அவள் பிழை செய்யவில்லை, ஒரு பாணியில் வரைந்திருந்தாள். பாணி வேறு, பிழை வேறு என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் கோளாறு.

ஒரு படத்தில் கண் ஏன் நீளம் என்று கேட்டால் அது பாணியைக் கேட்பது. இரண்டு கண்ணும் ஒரே திசையைப் பார்க்கவில்லையே என்றால் அது வேலையைப் பற்றிய பேச்சு. முன்னதைக் கேள்வியாகக் கேட்கலாம், தீர்ப்பாகச் சொல்லக்கூடாது. பின்னதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். நாமோ பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறோம்.

தமிழ்ப் பத்திரிகை உலகில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு உண்டு. ஆனந்த விகடனில் ஓவியர் மாலி இளைஞர்கள் பலரை உருவாக்கினார். நாமக்கல்லிலிருந்து வந்த சீனிவாசன் என்ற இளைஞரின் கை கட்டடங்களிலும் சிற்பங்களிலும்தான் ஓடுகிறது என்று கண்டுகொண்டு, அந்த வழியிலேயே போகச் சொல்லி, 'சில்பி' என்று பெயரும் வைத்தார். விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன் உட்கார்ந்து வரைந்த படங்கள் அவை. அதே மாலிதான் கோபாலனுக்குக் 'கோபுலு' என்று பெயரிட்டார். அவரோ நகைச்சுவைக் கோட்டில் கொடிகட்டிப் பறந்தார். சில்பியைக் கோபுலுவாக்க மாலி முயலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். சுவரோவியத்தில் முதலில் வெளிர் மஞ்சள் கோட்டால் உருவம் எழுதுகிறார்கள். பிறகு சிவப்புக் கோடு, அதன்மேல் வண்ணங்கள். பச்சைக்கு அவுரிச் சாற்றோடு மஞ்சள் கலக்கிறார்கள். பின்னர் நிழல் காட்டி, கடைசியில் விளக்குக் கரியால் கறுப்புக் கோடு போடுகிறார்கள். திருத்தமெல்லாம் மஞ்சள் கோட்டிலேயே நடந்துவிட வேண்டும். கறுப்பு விழுந்தபின் "கை குட்டையா இருக்கே" என்றால் யாருக்கு லாபம்? மலருக்குப் படம் கேட்கும்போது இப்போது நான் பென்சில் வரைவையும் கேட்கிறேன். திருத்தத்தைப் படத்தின்மேல் எழுதுவதில்லை. மேலே டிரேசிங் தாள் வைத்து அதில் குறிக்கிறேன். அச்சில் படம் பாதியாகச் சுருங்கும், மெல்லிய கோடு காணாமல் போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். இளமையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த 'நல்லா இருக்கு'தான். அதை வைத்து ஒரு கோட்டைக்கூட நான் திருத்த முடிந்ததில்லை. எந்த இடம் சந்தேகமோ அந்த இடத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். அதற்குமுன் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் கோணல் பாதி தானே தெரிந்துவிடும்.

மட்டாஞ்சேரியிலிருந்து திரும்பிய அன்று மாலையே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். "பச்சை சரிதாம்மா, நான்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். அவள் அம்மா, "அதெல்லாம் அவ எப்பவோ மறந்துட்டா அண்ணே" என்று காபி கொடுத்தார். அவள் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து படத்தை எடுத்து வந்தாள்.

"வில்லைப் பிடிச்ச கை எனக்கே சரியாத் தெரியல மாமா. அதைக் கேக்கத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க கலரைப் பத்திச் சொன்னீங்களா, அப்புறம் கேக்கல."

பார்த்தேன். கட்டைவிரல் வில்லுக்கு அந்தப்பக்கம் போயிருக்க வேண்டும், இந்தப்பக்கமே நின்றிருந்தது. அவள் அப்பாவின் குடையை எடுத்து என் கையில் கொடுத்து, வில் மாதிரி பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மஞ்சள் பென்சிலை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, கையை ஆட்ட வேண்டாம் என்றாள்.