தாவூத்கானும் காத்திவாக்கமும்

எண்ணூரை அடுத்த காத்திவாக்கம், 1708-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்ற ஐந்து ஊர்களுள் ஒன்று. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு என்பன ஏனையவை. 'பாக்கம்' என்னும் ஈறு மெல்லெழுத்தின்பின் நுங்கம்பாக்கம் எனத் திரியாது நிற்க, உயிரின்பின் காத்திவாக்கம் என வகரமாய் நெகிழ்ந்தமை மொழிநூலார் கருதத்தக்கது. இவ்வைந்தையும் அளித்தவன் தாவூத்கான் பன்னி என்னும் பட்டாணியன்.

இவன் தந்தை கிசிர்கான், பீசப்பூர் அரசில் ஆப்கானியத் தலைவர்களுள் ஒருவன். மகனோ முகலாயர் படையிற் சேர்ந்தான். சுல்பிகர்கானுக்குத் துணைவனாய்ச் செஞ்சிப் போரிற் பங்குகொண்டான். எட்டாண்டு முற்றுகைக்குப்பின் 1698-இல் செஞ்சி வீழ்ந்தது. 1703-இல் தாவூத்கான் கருநாடக நவாபானான்.

இவனை மதுப்பிரியன் எனவும் பொருட்பேராசையன் எனவும் கூறுவர். மதுவை விரும்பினான் என்பது மெய்யே. கவர்னர் தாமசு பிட்டு அனுப்பிய பரிசில்களில் மதுப்புட்டிகளும் உண்டு. ஆயின் அச்சித்திரம் பெரிதும் கோட்டையிலிருந்த ஆங்கிலர் எழுதிவைத்த குறிப்புக்களினின்று எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் வழக்கின் ஒரு கட்சியினர். அவர்தம் கூற்றை நடுவர் தீர்ப்பெனக் கொள்ளல் பொருந்தாது.

1702-இல் அவன் சென்னையை ஏறத்தாழ மூன்று திங்கள் வளைத்து நின்றதையே சான்றாகக் கொள்வோம். ஐரோப்பியக் கடற்கொள்ளையர் சூரத்துக் கப்பல்களைச் சூறையாடியதனாற் சினந்த ஔரங்கசீப்பு, ஐரோப்பியரின் பொருள்களைக் கைப்பற்றுமாறு ஆணையிட்டிருந்தான். எனவே அவ்வளைப்பு, படைத்தலைவனின் பொருள்வேட்கை ஒன்றாலேயே நிகழ்ந்ததன்று. நிலவழி உணவு தடைப்பட்டது. கடல்வழியோ திறந்தே கிடந்தது. இறுதியில் இருபத்தையாயிரம் ரூபாயளவில் உடன்பாடு முடிந்தது. ஆணையும் ஆசையும் இங்கே ஒருங்கு சேர்ந்தன என்பதே எம் கருத்து.

1707-இல் ஔரங்கசீப்பு இறந்தான். மறு ஆண்டே ஐந்தூர்க் கொடை நிகழ்ந்தது. கொடை என்பினும், வழங்கப்பட்டது இறை தண்டும் உரிமையே. அதுவும் நிலைபெற்றிலது. 1710-இல் தாவூத்கான் நீங்க, அடுத்து வந்த சாதத்துல்லாகான் அவ்வூர்களைத் திருப்பித் தருமாறு கேட்டான். ஒரு மாகாணத் தலைவனின் கொடை அவன் பதவியளவே நிற்கும் என்பது இதனாற் புலனாகும். அச்சாதத்துல்லாகானை எதிர்த்து 1714-இல் மாண்ட செஞ்சித் தேசிங்கு நாட்டுப்பாடலில் வாழ்கின்றான். செஞ்சிப் போரில் நின்ற தாவூத்கானுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

அவன் பின்பு குசராத்தை ஆண்டான். பேரரசன் பரூக்சியரின் மறைமுக ஏவலால் உசேன் அலிகானை எதிர்த்து, 1715-இல் புர்கான்பூரில் குண்டடிபட்டு இறந்தான். அதே பேரரசனின் ஆணைப்பத்திரமே 1717-இல் காத்திவாக்கம் முதலிய ஊர்களைக் கம்பெனியார்க்கு உறுதிசெய்தது. ஆயினும் நவாபின் ஆட்கள் எளிதில் விட்டாரல்லர். அவ்வாண்டு திருவொற்றியூரில் சிறு சண்டையொன்று நிகழ்ந்த பின்னரே ஊர்கள் கம்பெனியார் கைப்பட்டன.