சாலைக்கு அடியில் ஓர் அளவுகோல்

நெடுஞ்சாலையில் விரிசலோ குழியோ கண்ணில் படும்போது, பெரும்பாலும் கேடு அடியில் நெடுநாள் முன்பே தொடங்கியிருக்கும். சக்கரம் கடக்கும் ஒவ்வொரு முறையும் தார்த்தளம் மிகச் சிறிதளவு வளைகிறது. அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. கீழுள்ள மண் அமுங்குகிறது. இது லட்சக்கணக்கான முறை நிகழும்போது இழுவை விரிசலாகவும், அமுக்கம் சக்கரத்தடப் பள்ளமாகவும் முடிகின்றன. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 37 நெறிமுறைகள் இவ்விரு திரிபுகளையே தார்ச்சாலை வடிவமைப்பின் முக்கிய அளவுகளாகக் கொள்கின்றன.

கணக்கிட்ட திரிபும் உண்மையில் நேரும் திரிபும் ஒத்துள்ளனவா என்பதை அறியவே தளத்தினுள் உணர்கருவிகள் புதைக்கப்படுகின்றன. தார்த்தளத்தின் அடியில் திரிபுமானியும், மண்ணின் மேல் அழுத்தமானியும் வைக்கப்படும். திரிபுமானியின் மெல்லிய உலோக இழை நீளும்போது அதன் மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே அளவாகப் பதிவாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு மீட்டரை 0.06 நொடியில் கடந்துவிடும். ஆகவே நொடிக்கு நூற்றுக்கணக்கான அளவுகள் எடுக்கப்பட வேண்டும். தளம் இடும்போது சூடான தார்க்கலவையின் வெப்பத்தையும் உருளையின் எடையையும் கருவி தாங்கவும் வேண்டும்.

சுமைக்கும் சேதத்திற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனை வெளிப்படுத்தியது. சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்காக உயர்கிறது. சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்காகும். இந்தியாவில் வடிவமைப்புக்கான அடிப்படை அச்சுச் சுமை 8.16 டன். நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சின் அனுமதிச் சுமை 2018ஆம் ஆண்டில் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை உயர்வு 13 சதவீதமே. ஆனால் மேற்கண்ட விதிப்படி, அடிப்படை அச்சை ஒப்பிட, சேதம் சுமார் 2.4 மடங்கிலிருந்து 3.9 மடங்காகிறது.

எனினும் இவ்விதி ஒரு பொதுக் கணக்கே. கோடையில் தார் இளகுகிறது. மழைக்காலத்தில் ஈரமண் வலுவிழக்கிறது. அதே லாரி பருவத்திற்கேற்ப வெவ்வேறு திரிபை உண்டாக்குகிறது. வெப்பமானியும் ஈரமானியும் உடன் புதைக்கப்படுவது இதனாலேயே. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1994இல் திறக்கப்பட்ட சோதனைச் சாலையில், அன்றாடப் போக்குவரத்தின் கீழ் இத்தகைய அளவுகள் திரட்டப்பட்டன.

மிகைச் சுமையால் லாபம் ஒருவருக்கு. பழுதுபார்க்கும் செலவோ பொதுமக்களுக்கு. விரிசல் மேலே தோன்றுமுன் திரிபின் உயர்வை அறிந்து தளத்தை வலுப்படுத்தினால், முழுச் சாலையையும் பெயர்த்து அமைக்கும் பெருஞ்செலவைத் தவிர்க்க இயலும்.