வீட்டைக் காலி செய்தால் தீருமா?

அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து குஜரிக் கடைக்காரரை வரவழைப்பார்கள். பழைய செய்தித்தாள், உடைந்த மிக்ஸி, மூடியில்லாத டப்பா என டெம்போ நிறைய ஏற்றி அனுப்புவார்கள். பொருள் சேர்ப்பதை நிறுத்த முடியாதவர் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் இதுதான். திரும்பி வந்தவர் சாப்பிட மாட்டார், யாரோடும் பேச மாட்டார். சில மாதங்களில் அறை மறுபடி நிறைந்துவிடும். இந்தமுறை அதற்குப் பூட்டும் தொங்கும்.

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இப்படி நெருக்கமான தெருக்களின் சிறிய வீடுகளில் இந்தச் சிக்கல் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். முதலில் கட்டில் போகும், பிறகு சமையல் மேடை, கடைசியில் நடைவழி. காகிதக் கட்டுகளுக்கு நடுவே கேஸ் அடுப்பு எரிவதை நினைத்தாலே பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது.

அதற்காகப் பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருப்பவர்களையெல்லாம் நோயாளி என்று சொல்லிவிட முடியாது. அப்படிப் பார்த்தால் நம்மில் யாரும் தப்ப மாட்டோம். மதிப்பில்லாத பொருளைக்கூடக் கழிக்க முடியாத தவிப்பு, அதனால் அறைகளைப் புழங்க முடியாத நிலை, வாழ்க்கையில் பாதிப்பு ஆகியவை சேர்ந்தால்தான் மருத்துவர்கள் இதைப் பொருள் குவிப்புக் கோளாறு என்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. இந்தப் பட்டியல்களுக்கு முன் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகவே இது பார்க்கப்பட்டது.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. டாக்டர் ஜனார்தன் ரெட்டி குழுவினர் அங்கு வந்த ஓசிடி நோயாளிகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பொருள் குவிக்கும் பழக்கம் இருந்தது. அவர்களுடைய ஓசிடியும் மற்றவர்களுடையதைவிடக் கடுமையாக இருந்தது. இது மேல்நாட்டுப் பணக்காரர்களின் வியாதி என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கட்டுரை போதும்.

அதே 2012இல் அமெரிக்காவில் டேவிட் டோலின் குழுவினர் செய்த சோதனை இன்னும் சுவாரசியமானது. பொருள் குவிப்பவர்கள் 43 பேர், ஓசிடி உள்ளவர்கள் 31 பேர், இரண்டும் இல்லாதவர்கள் 33 பேர். அவரவர் வீட்டுப் பழைய தபால்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். மூளையை ஸ்கேன் செய்தபடியே அவற்றையும் அடுத்தவருடைய தபால்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, 'வைத்துக்கொள்வதா, கிழித்துவிடுவதா?' என்று கேட்டார்கள். அடுத்தவருடைய காகிதம் என்றால், குவிப்பவர்களின் மூளையில் முடிவெடுப்பதோடு தொடர்புள்ள இரண்டு பகுதிகள் மந்தமாகவே இருந்தன. தங்கள் காகிதம் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறித் துடித்தன. நமக்கு நொடியில் முடிந்துபோகிற ஒரு மின் கட்டண ரசீது அவர்களுக்குப் பெரிய பரீட்சை. சோம்பேறித்தனம் என்று திட்டுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஆகவே சிகிச்சை என்பது முடிவெடுக்கப் பழக்குவது. ராண்டி ஃப்ராஸ்ட், கெயில் ஸ்டெகெட்டீ என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கெனச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையை வடிவமைத்தார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல் நீளும். பொருளைக் கையில் எடுத்து, அதைப் பற்றிய எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லி, வகை பிரித்து, போட்டுவிட்ட பிறகு வரும் பதற்றம் தானாகத் தணிவதை உணர வேண்டும். புதிதாக வாங்காமல் கடையைத் தாண்டிப் போகவும் பயிற்சி உண்டு. பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. முழுக்கக் குணமாகிறவர்கள் குறைவு. நோய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. ஆனால் இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனச்சோர்வும் இருக்கிறது. அதற்கு மருந்து உண்டு.

வயதானவர் ஒருவர் திடீரென்று குப்பை சேர்க்கத் தொடங்கினால் அது வேறு கதை. மறதி நோயாக இருக்கலாம். மனச்சிதைவிலும் இப்படி நடப்பதுண்டு. எனவே முதலில் தேவை மருத்துவரின் பரிசோதனை.

மருத்துவர் மட்டும்தான் உதவ முடியும் என்பதும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 300க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. உளவியலாளர் நடத்திய குழுவில் சேர்ந்தவர்களுக்கும், பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் நடத்திய குழுவில் சேர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கிடைத்திருந்தது. நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது குடும்பம். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டவர். மனைவியோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எதுக்குப்பா வெச்சிருக்கீங்க?' என்று கோபமில்லாமல் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது பெரிய உதவி. தொடுவதற்குமுன் கேட்க வேண்டும். அடுப்பைச் சுற்றிய இடத்தையும் வாசல்வழியையும் முதலில் சரிசெய்தால் ஆபத்து குறையும், மீதிக்கு அவசரமில்லை.

சிரமமான பகுதி, அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான். 'எனக்கு என்ன பைத்தியமா?' என்று கேட்பார். அப்படிப்பட்ட வீட்டில் உறவினரே முதலில் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசி சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது; அதை வழிநடத்தும் தலைமை மையம் நிம்ஹான்ஸ்தான். 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸுக்கு நேரில் போகிறவர்கள், அவருடைய சம்மதத்தோடு கூடம், படுக்கையறை, சமையலறை மூன்றையும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போனால் நல்லது. வீட்டில் குவிந்திருப்பதை அளக்க ஃப்ராஸ்ட் குழுவினர் உருவாக்கிய அளவுகோல், இந்த மூன்று அறைகளுக்கும் குவியல் கூடிக்கொண்டே போகும் வரிசையில் தலா ஒன்பது படங்கள் கொண்டது. நம் வீடு நான்காவது படத்தையோ அதற்கு மேலுள்ளதையோ ஒத்திருந்தால் சிகிச்சை தேவைப்படலாம் என்று கணக்கு.