கொலுவிற் பழம்பொருள்கள்

பிறர் கையாண்ட பொருள்கள் நவராத்திரிக் கொலுவுக்கு ஆகா என்பாருளர். அதனாற் புதியன வாங்க வசதியற்றோர் கொலு வைத்தலையே கைவிடுகின்றனர். நமது மரபு அத்துணைக் கடுமையுடையதன்று. மண்கலம் நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். ஆதலின் மண்ணாற் கும்பம் வைப்பின் புதுக்குடமே வேண்டும். உலோகம் அத்தகையதன்று. பழங்கடையிற் களிம்பேறிக் கிடக்கும் குத்துவிளக்கும் மூக்குப்பேணியும் புளியும் சாம்பலுமிட்டுத் துலக்கப் பொன்போலாகும். அப்பேணியிற் செவ்வரத்தம்பூச் செருகிப் படியோரத்தில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பூக்கள் அதற்கு ஈடாமோ? பழைய மரப்பாச்சிக்குப் பட்டுச்சேலைக் கிழிசலே ஆடையாகும். பெட்டிகளை அடுக்கி வெள்ளைவேட்டி விரித்தால் 3 படிகள் அமைந்துவிடும்.

நிவேதனப் பாத்திரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உள்ளே வெள்ளீயப் பூச்சுத் தேய்ந்த பித்தளையிற் புளிச்சாதம் வைத்தல் தீது. புளிப்பானது பித்தளையிலுள்ள செம்பைக் கரைத்து உணவை நஞ்சாக்கும். அதிலே பூவை நிரப்பி, சாதத்தை வாழையிலையிற் படைத்திடுக.