வேலையில் அடிபட்டால்

ஐதராபாத் என்றதும் சார்மினார் நினைவுக்கு வரும். முத்துக் கடைகள் நினைவுக்கு வரும். ஊரைச் சுற்றிலும் தொழிற்பேட்டைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. பாலாநகர், ஜீடிமெட்லா, பட்டான்செரு எனப் பல பேட்டைகள் உண்டு. இரும்புப் பட்டறை முதல் மருந்து ஆலை வரை அங்கே நடக்கின்றன. பல மாநிலத்தவர் அங்கே வேலை செய்கிறார்கள்.

பட்டறைகளில் பிரஸ் மிஷினைப் பார்க்கலாம். தகட்டை அச்சுக்கு அடியில் வைப்பார்கள். காலால் மிதித்தால் மேல் அச்சு இறங்கும். தகடு வெட்டுப்படும். கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும். தகட்டை எடுக்கப் போன கை உள்ளே இருக்கிறது. அப்போது கால் தெரியாமல் மிதித்துவிடுகிறது. விரல் போய்விடும்.

இதைத் தடுக்க வழி உண்டு. அச்சுக்கு முன்னால் ஓர் அடைப்பு இருந்தால் கை உள்ளே போகாது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் ஓடும் மிஷின்களும் உண்டு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அடைப்பைக் கழற்றி வைப்பார்கள். அடிபட்ட பிறகு, "அவன் கவனமில்லாமல் இருந்தான்" என்பார்கள். அடைப்பைக் கழற்றச் சொன்னது யார்? இதைக் கேட்பவர்கள் குறைவு.

விரல் துண்டானால் முதலில் மிஷினை நிறுத்துங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்துங்கள். கையை உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள் எதையும் வைக்கக் கூடாது. துண்டான விரலைத் தேடி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பட்டால் சதை கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனைக்குப் போனால் சிலருக்கு விரலைத் திரும்ப இணைக்க முடிகிறது.

மருத்துவமனையில், "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார்கள். அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கூட வந்த சூப்பர்வைசர், "வீட்டில் விழுந்ததாகச் சொல். செலவைக் கம்பெனி பார்த்துக் கொள்ளும்" என்பார். வலியில் துடிப்பவர் தலையாட்டிவிடுவார்.

அந்த ஒரு பேச்சால் என்ன நஷ்டம்? இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். இதற்கான சட்டம் 1948-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு இது உண்டு. சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிப்பார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். 2019 ஜூலை முதல் இந்தக் கணக்குதான்.

வேலையில் பட்ட காயம் என்று எழுதினால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குத் திரும்பும் வரை கிடைக்கும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. சாதாரண உடல்நலக் குறைவு என்று எழுதினால் 70 சதவீதம்தான். அதுவும் ஆண்டுக்கு 91 நாள் மட்டுமே. நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் 30 நாளுக்கு 13,500 ரூபாய். இரண்டாவது வகையில் 10,500 ரூபாய். மூவாயிரம் ரூபாய் குறைகிறது!

பணம் மட்டும் இல்லை. கை நிரந்தரமாக ஊனமானால் மாதந்தோறும் ஆயுள் முழுவதும் ஒரு தொகை வரும். வீட்டில் விழுந்தவருக்கு அது கிடையாது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923-ல் வந்த நஷ்டஈட்டுச் சட்டம் இருந்தது. அதில் விரல்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. கட்டை விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடு விரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் 7. தையல்காரரின் ஆள்காட்டி விரலும் காவல்காரரின் ஆள்காட்டி விரலும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான்! இந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டத்துக்குள் வந்துவிட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வேலை செய்பவரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டான்செருவுக்குப் பக்கத்தில் பாசமைலாரம் என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சிகாச்சி என்ற ஆலையில் மாத்திரைக்குச் சேர்க்கும் தூள் தயாரித்தார்கள். 2025 ஜூன் 30 காலையில் அங்கே பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்களில் பலர். உள்ளே இருந்தவர் யார், வெளியே வந்தவர் யார் என்று தெரியாமல் உறவினர்கள் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். உடல்களை மரபணுச் சோதனை செய்து அடையாளம் காண வேண்டியிருந்தது. சிலர் கிடைக்கவே இல்லை.

கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கான்ட்ராக்டர் இ.எஸ்.ஐ. பணம் கட்டாவிட்டால் ஆலை முதலாளிதான் கட்ட வேண்டும். வேலையில் சேர்ந்ததும் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது பத்து இலக்க எண். அதை வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

விபத்துப் பதிவேடு என்று ஒரு புத்தகம் உண்டு. சிறு காயத்தையும் அதில் எழுதச் சொல்லலாம். அடிபட்டவரால் முடியாவிட்டால் கூட வேலை செய்பவர் சொல்லலாம். நாள், நேரம், மிஷின், எந்தக் கை, பார்த்தவர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஐதராபாத்தில் அது தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர், நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடலாம். வெற்றுத் தாளை நீட்டினால் போட வேண்டாம்.