கப்பலோட்டிய தமிழரின் நினைவு இல்லம்

நம் இல்லங்களிலுள்ள முதியோரைக் கேட்டால், ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரைக் கூறுவர். 1926 முதல் 1973 வரை தமிழகத் துறைமுகங்களுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடி, நம் முன்னோர் பலரை இங்குக் கொணர்ந்த கப்பல் அது. அக்கப்பல் ‘பிரிட்டிஷ் இந்தியா’ என்னும் ஆங்கிலேய நிறுவனத்துக்கு உரியது. ரஜூலா பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அந்நிறுவனத்துக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே வ. உ. சிதம்பரம் பிள்ளை.

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள ஒட்டப்பிடாரம் என்னும் சிற்றூரில், 1872 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் அவர் பிறந்தார். அங்கு அவருடைய இல்லம், தமிழ்நாட்டரசின் நினைவு இல்லமாகப் பேணப்பட்டு வருகிறது. அவ்வில்லம் நமக்குக் கூறும் வரலாறு யாது?

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடும் உரிமை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. வழக்கறிஞரான சிதம்பரனார், 1906 இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 1907 இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்றது. இறுதியில் பயணிகளை இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது என்பர்.

தோட்டத்தில் உழைக்கும் நாம் மறக்கலாகாத செய்தி வேறொன்றும் உண்டு. 1908 இல் தூத்துக்குடிக் கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். தொழிலாளர் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். அடுத்த சில நாள்களிலேயே அவர் சிறைப்பட்டார். நாற்பது ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவர் செக்கிழுத்தார். அச்செக்கும் இன்று நினைவுச் சின்னமாக விளங்குகிறது. 1912 டிசம்பரில் அவர் விடுதலை பெற்றபோது கப்பல் நிறுவனம் இல்லை. 1911 இலேயே அது கலைக்கப்பட்டுவிட்டது. வறுமையிலும் தமிழ் நூல்கள் எழுதி, பழைய நூல்களைப் பதிப்பித்து, 1936 இல் அவர் மறைந்தார்.

கப்பல்கள் போயின, நிறுவனமும் போயிற்று. ஆயினும் இல்லம் நிற்பதால், தந்தை மகனுக்கு, ‘இதோ பார்’ என்று சுட்டிக்காட்ட முடிகிறது. நினைவு இல்லத்தின் பயன் இதுவே.

தம்போய் வட்டாரத்தில் நாம் வாழும் சூழலும் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் தாமான்கள் எழுந்துள்ளன. லயங்கள் பல மறைந்துவிட்டன. நம் பாட்டனார் பிறந்த லயத்துக்கு அரசு நினைவு இல்லம் எழுப்பாமற் போகலாம். எனினும் அவர் பால் மரம் சீவிய கத்தியும், பாட்டி சுமந்த வாளியும், கப்பலில் வந்த நாளின் பழைய தாள்களும் நம் வீட்டு மூலையில் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றைப் பழைய சாமான் என்று எறிந்துவிடாதிருப்போம்.

மாணவச் செல்வங்களே! இன்றிரவே தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தனர் என்று கேட்டு எழுதிவையுங்கள். அவ்வேடே உங்கள் குடும்பத்தின் முதல் நினைவு இல்லமாகும்.