கே.ஜி.எஃப்: செட்டு இல்லாத அந்த மலை

'கே.ஜி.எஃப்' படத்துல ராக்கி பாயை மட்டும் பார்த்திருந்தா, அடுத்த தடவை பின்னாடி தெரியுற சாம்பல் நிற மேடுகளையும் பாருங்க. அவை செட்டு இல்லை, நிஜம். கோலார் தங்கவயல்ல அதுக்குப் பேரு சயனைடு மலை.

அது எப்படி வந்துச்சு? ஒரு டன் பாறையில தங்கம் சில கிராம்தான் இருக்கும். பாறையை மாவா அரைச்சு, சயனைடு கரைசல்ல ஊற வைப்பாங்க. தங்கம் கரைஞ்சு வந்துடும். அந்தக் கரைசல்ல துத்தநாகம் போட்டா தங்கம் தனியாப் பிரியும். மிச்ச மண்ணை வெளியே கொட்டுவாங்க. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததுலேருந்து, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடுற வரைக்கும் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல. அப்போ கொட்டின மண் எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க!

மூணு கிலோமீட்டருக்கும் கீழே போய் அந்தப் பாறையை வெட்டினவங்கள்ல பெரும்பாலானோர் வட ஆற்காடு மாதிரி பகுதிகள்லேருந்து போன தமிழ் தலித் மக்கள். 'கே.ஜி.எஃப்' சொல்ற அடிமைக் கோட்டை முழுக்கக் கற்பனை. 2024-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்'தான் இந்த மக்களை நாயகர்களாக்குச்சு.

ஷூட்டிங் முடிஞ்சு யூனிட் கிளம்பிடுச்சு. ஊர்க்காரங்க இன்னைக்கும் விடிகாலை ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்க. காத்தடிச்சா சயனைடு மலைத் தூசி அவங்க வீட்டுக்குள்ளதான் வருது.